எவரிஸ்தோ ஊரைக் காட்டிய நாள்

என் புருஷன் எவரிஸ்தோவுக்கு வாய்தான் பிழைப்பு. எங்கள் தீவின் தலைநகரான சாந்தோ தொமிங்கோவின் பழைய நகரத்தை இருபத்தேழு வருஷமாக வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறான். காலையில் கோட்டை வாசலில் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் நிறுத்துவான். வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. பீன்ஸ் குழம்பில் உப்பு போதாது என்று நான் சொன்னால், அந்தக் காலத்தில் உப்பு மூட்டைகள் ஆற்றோரம் எந்த இடத்தில் இறங்கின என்று தொடங்குவான். நானோ பியூட்டி பார்லர் வைத்திருந்தவள். நாள் முழுக்கப் பெண்களின் தலையில் சுருள்களை மாட்டி, டிரையருக்கு அடியில் உட்காரவைத்து, அவர்கள் மாமியார் கதையெல்லாம் கேட்டுக் காது புளித்துப்போய் வீடு திரும்புகிறவள்.

"ஏய் மனுஷா, நான் டிக்கெட் எடுத்துட்டா வந்திருக்கேன்? வாயை மூடு" என்பேன். மூடிக்கொள்வான், ஐந்து நிமிஷம்.

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவன் வேலை செய்வதை நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அதில் எனக்கு வெட்கமும் இருந்ததில்லை. அவன் மட்டும் என் கடைக்கு வந்து யாருக்காவது தலை வாரிவிட்டானா என்ன?

எங்கள் ஒரே மகள் யஹாய்ரா நியூயார்க்கில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு ஆண் குழந்தை. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே வந்து குடியிருக்க அவள் விண்ணப்பம் போட்டு, இரண்டு வருஷம் இழுத்தடித்து, ஒருவழியாக விசா வந்தது. நான் கடையில் இருந்த பெண்களை எல்லாம் கட்டிப்பிடித்து ஆடினேன். எவரிஸ்தோ மட்டும் விசாத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தான்.

"நான் வரலை, ஸோய்லா. அங்க நான் யாருக்கு எதைக் காட்டுறது?"

"பேரனுக்கு உன் மூஞ்சியைக் காட்டு. அது போதும் அவனுக்கு."

மூன்று மாதம் சண்டை. அழுதேன், தட்டை வீசினேன், ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன். அந்த ஒன்பது நாளில் மனுஷன் இளைத்தே போனான். பத்தாம் நாள் காலை, வாழைக்காய் மசியலைக் கிளறிக்கொண்டே, "சரி, வர்றேன்" என்றான். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று நான் துருவவில்லை. ஜெயித்தவள் எதற்குத் துருவ வேண்டும்? டிரையர்களை விற்றேன், கடையைக் காலி செய்தேன், வியாழக்கிழமைக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. திங்கட்கிழமை அவன் கடைசியாக ஊரைக் காட்டப் போகும் நாள்.

ஞாயிற்றுக்கிழமை யஹாய்ரா போனில் கூப்பிட்டாள். "அம்மா, நாளைக்கு நீயும் கூடப் போய் அப்பா பேசுறதை ஒரு வீடியோ எடும்மா. இவன் பெரியவனானதும் காட்டணும்."

அதற்காகத்தான் போனேன். வேறு ஆசை ஒன்றும் இல்லை.

அன்றைக்கு வந்தவர்கள் முப்பத்திரண்டு பேர், சிலியும் அர்ஜென்டினாவும். பாவரோ கடற்கரை ஹோட்டல்களிலிருந்து பஸ்ஸில் வந்து கோட்டை வாசலில் இறங்கினார்கள். எல்லோர் தோளிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எவரிஸ்தோ என் தோளிலும் ஒன்றை ஒட்டினான்.

"முப்பத்து மூணாவது ஆள் இவங்க. கொஞ்சம் கோபக்காரங்க, யாரும் இடிச்சுடாதீங்க" என்றான் கூட்டத்தைப் பார்த்து.

"உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு போனைத் தூக்கிப் பிடித்தேன்.

சந்தையில் மீன் விற்கிறவன் மாதிரி கத்துவான் என்று நினைத்திருந்தேன். வீட்டில் துண்டு கேட்பதற்கே தெருமுனை வரை கேட்கும் அவன் குரல். இங்கே வேறு ஆள் மாதிரி இருந்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான். முப்பத்திரண்டு பேரும் ஒரு வார்த்தையும் விட்டுப்போகக் கூடாதென்று கிட்டே நெருங்கி நின்றார்கள். சீமாட்டிகள் தெருவில் நடக்கும்போது, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்கள் சாயங்காலம் உலாவிய வேகத்திலேயே எல்லோரையும் நடக்கவைத்தான். பாவாடை தடுக்காமல் இருக்க எப்படி அடியெடுத்து வைப்பார்கள் என்று அவனே நடந்து காட்டினான். தொப்பையும் மஞ்சள் குடையுமாக என் புருஷன் சீமாட்டி நடை நடக்கிறான்! சிரித்தேன். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் பார்த்தால், நானும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

அங்கிருந்து பழைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கூரை இல்லை, சுவர்களும் வளைவுகளும் மட்டும் மிச்சம். புறாக்கள் குடியிருக்கின்றன. அந்த வழியாக நூறு முறை போயிருக்கிறேன், புறா எச்சம் தலையில் விழுமே என்று ஓட்டமாகத்தான் போவேன். எவரிஸ்தோ உள்ளே போய் நின்று ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். புறாச் சத்தம் மட்டும். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"நோயாளிங்க இதைத்தான் கேட்டுக்கிட்டு படுத்திருந்திருப்பாங்க. ஏழை பாழைங்க. கப்பல்ல வந்தவங்க. சாகிற நேரத்துல கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்த வீட்டைத்தான் நினைச்சிருப்பாங்க. வேறென்ன நினைக்க முடியும் மனுஷனால?"

சிலிக்காரக் கிழவி ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். எவரிஸ்தோ போய்க் குடையை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றான். வியாழக்கிழமையைத்தான் நினைக்கிறான் என்று தெரிந்தது. தெரியாத மாதிரி போனில் எதையோ அழுத்தினேன்.

அடுத்து கதீட்ரல். உள்ளே கூட்டிப்போவதற்கு முன்னால் வெளிச்சுவர் ஓரமாக எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தான்.

"கையை வைங்க. சும்மா வைங்க, யாரும் திட்ட மாட்டாங்க. விரலால தடவிப் பாருங்க. ஏதாவது தட்டுப்படுதா?"

நானும் வைத்தேன். சொரசொரப்பான கல். விரலை நகர்த்தினேன். ஒரு சின்னக் குழி, அதற்குள் வரி வரியாக ஏதோ. குனிந்து பார்த்தால், என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கிளிஞ்சல். கல்லோடு கல்லாக இருந்தது.

"இந்தச் சுவர் ஒரு காலத்துல உயிரோட இருந்துச்சு" என்றான் எவரிஸ்தோ. "கடலுக்கு அடியில. பவளமும் சிப்பியும் சேர்ந்து இறுகி ஆன கல்லு. இதை வெட்டித் தூக்கிட்டு வந்து அடுக்கினவங்க பேரு எந்தக் கல்லுலயும் இல்ல. நான் தேடிப் பார்த்துட்டேன். கைடு ஆகறதுக்கு முன்னால ரெண்டு வருஷம் பிரஷ்ஷும் தண்ணியும் வச்சு இந்தச் சுவரைக் கழுவின கூலி நான். ஒவ்வொரு கல்லாக் கழுவினேன். ஒரு பேரு கூட இல்ல. அப்பதான் நினைச்சேன், யாராவது ஒருத்தன் இங்க நின்னு இதைச் சொல்லிக்கிட்டே இருக்கணும்னு."

அவன் அந்தக் கூலி வேலை பார்த்தது எனக்குத் தெரியும். தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வீட்டுக்கு வருவான், படுக்கை விரிப்பு பாழாகிறது என்று வாசலிலேயே நிறுத்தித் திட்டுவேன். கைடு பரீட்சையில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை பாஸானான், அதுவும் தெரியும். ஆனால் ஏன் கைடு வேலைக்குப் போனான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னிடம் சொல்லாமல் இருந்திருப்பானா? சொல்ல வந்திருப்பான். நான்தான் வாயை மூடு என்றிருப்பேன்.

உள்ளே நுழையும்போது யாரும் தலை நிமிரக் கூடாது என்று கட்டளை போட்டான். தரையைப் பார்த்துக்கொண்டே குழந்தைகள் மாதிரி அவன் பின்னால் போனோம். நட்ட நடுவில் நிறுத்தி, "இப்போ" என்றான்.

நிமிர்ந்தேன். அவ்வளவு உயரத்தில், கூரையில், கல் வளைவுகள் விலா எலும்புகள் மாதிரி விரிந்து ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்தன. அத்தனை பாரமும் எதன்மேல் நிற்கிறது என்றே தெரியவில்லை. வெளியே விரலில் தட்டுப்பட்ட அந்தக் குட்டிக் கிளிஞ்சல் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் புல்லரித்தது. இதே கோயிலுக்கு இரண்டு முறை பூசைக்கு வந்திருக்கிறேன். இரண்டு முறையும் முன்வரிசைப் பெண்களின் தலைமுடிக்கு யார் சாயம் போட்டது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை யார் காட்டினார்கள் எனக்கு? என் வீட்டில் சோறு தின்று, என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறவன். கைப்போன் தன்பாட்டுக்கு என் செருப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

கதீட்ரலை விட்டு வெளியே வந்தால் பூங்கா. நடுவில் உயரமான பீடத்தின்மேல் வெண்கலச் சிலையாக, விரலை நீட்டிக்கொண்டு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி முதன்முதலாக இந்தத் தீவில் வந்து இறங்கிய அந்தக் கப்பல்காரன் நிற்கிறான். உலகத்துக்கே தெரிந்தவன். ஆனால் எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் அவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஆகாது, குடி கெடும் என்று பயம். அட்மிரல் என்பார்கள். தப்பித் தவறி வாயில் வந்துவிட்டால் தீங்கு விலக உடனே பக்கத்தில் இருக்கிற மரக்கட்டையைத் தட்டுவார்கள். இளவட்டங்கள் இதையெல்லாம் மதிப்பதில்லை, நானும் கேலிதான் செய்வேன். எவரிஸ்தோ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் மகன், அந்தப் பயத்தோடு வளர்ந்தவன். இந்த ஊரில் கைடாக இருந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்லாமல் காலம் தள்ளுவது, சமையல்காரன் உப்பைத் தொடாமல் சமைப்பது மாதிரி. அப்படித்தான் தள்ளியிருக்கிறான்.

அர்ஜென்டினாக்காரப் பையன் ஒருவன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். "கைடு சார், காலையிலேருந்து அட்மிரல், அட்மிரல்னே சொல்றீங்க. பேரு மறந்துபோச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். எவரிஸ்தோ சிரிக்கவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"மறக்கலை தம்பி. இருபத்தேழு வருஷமா சொன்னதில்ல. இந்த ஊர்ல இருக்கப்போறவன் சொல்லக் கூடாது. சொன்னா ஊரு அவனைக் கைவிட்டுடும்னு எங்க அப்பா சொல்லுவாரு. நான் வியாழக்கிழமை போறேன். திரும்பி வர்ற மாதிரி இல்ல. இனிமே எனக்கு என்ன பயம்? உங்களுக்காக இன்னைக்குச் சொல்லிடறேன்."

தொப்பியைக் கழற்றினான். சிலையை நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான்.

"சொல்லாதே!"

கத்தியது நான்தான். பூங்காவே திரும்பிப் பார்த்தது. அந்த நம்பிக்கை எனக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஆனால் வீட்டைக் காலி செய்கிறவன் கடைசியாகச் சாவியை நீட்டுகிற மாதிரி இருந்தது அவன் முகம். சாவியை யாரிடமும் கொடுக்காதே என்று பிடுங்கிக்கொள்ளத் தோன்றியது. பிடுங்குவதற்கு வேறு வழி தெரியவில்லை, கத்தினேன்.

"யாரு சார் இந்தம்மா?" என்றான் அந்தப் பையன்.

"என் பொண்டாட்டி" என்றான் எவரிஸ்தோ. "இருபத்தேழு வருஷத்துல இன்னைக்குத்தான் வந்திருக்கா."

சிலிக்காரக் கிழவி கைதட்டினாள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். எனக்குக் கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. முடியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஏன் கிழவி கத்தினே? நீதான் இதையெல்லாம் நம்ப மாட்டியே."

"நீ வர வேண்டாம்."

"எங்க?"

"நியூயார்க்குக்கு. நான் மட்டும் போறேன்."

"உளறாதே. யஹாய்ரா என்ன நினைப்பா?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். அங்க வந்து நீ ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பே. அதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

"நீ எப்போ திரும்பி வருவே?"

"தெரியலை."

பொய் சொல்ல மனம் வரவில்லை. பேரன் அங்கே இருக்கிறான், அவனைத் தூக்காமல் என்னால் இருக்க முடியாது. நான் ஒன்றும் தியாகி இல்லை. எனக்கு இரண்டும் வேண்டும், இரண்டும் கிடைக்காது என்பது அந்த பெஞ்சில்தான் தெரிந்தது.

அவன் முகத்தில் சந்தோஷம் வந்துவிட்டது. மறைக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொல்லித் தெரிய வேண்டாம். பிறகு தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். இப்படி ஒரு மனுஷனோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு வருவேன் என்று அடம்பிடித்தான். அன்றைக்குப் பாவரோவிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. குடையைக் கையில் கொடுத்து நான்தான் அவனைக் கோட்டை வாசலுக்கு அனுப்பினேன். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன்.