கட்டிலுக்கடியில் பிறந்த இரண்டாம் பதிப்பு

பதினெட்டு வருடமாக வீட்டு முன்னறையிலேயே பதிப்பகம் நடத்துகிறேன். அடுத்த தெரு நர்ஸக்கா எழுதிய புத்தகம் ஐந்நூறு பிரதி அச்சாகி, நானூறு என் கட்டிலுக்கடியில் தூங்கியது. பழைய சரக்கென்று கடைக்காரர்கள் முகம் சுளித்ததால், அட்டையைக் கிழித்துவிட்டு, ‘இரண்டாம் பதிப்பு’ என்று புது அட்டை ஒட்டினேன். யார்தான் செய்யவில்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு!

சேதி கேட்டு அக்கா மூச்சிரைக்க வந்தார்.

“எல்லாமே வித்துப்போச்சா தம்பி? நம்பவே முடியல! அப்போ தலைகீழா அச்சான அந்த நாற்பதாம் பக்கத்தையும் சரி பண்ணியிருப்பீங்க, இல்ல?”

அந்தப் பக்கம் எனக்கு மறந்தே போயிருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அக்கா புது அட்டைப் பிரதி ஒன்றை எடுத்து நாற்பதாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார்.