விடையைச் சொல்லாத மல்லிகா ரீச்சர்

மல்லிகா ரீச்சர் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி, காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு எங்கள் பாடசாலை வட்சப் குழுவுக்கு வந்தது. மதியத்துக்குள் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டுவிட்டார்கள். நானும் போட்டேன். அவரோடு படிப்பித்தவர்களும் அவரிடம் பிள்ளைகளை அனுப்பியவர்களும் இதை வாசிப்பீர்கள். அஞ்சலிக் கூட்டத்தில் நாம் பேசாமல் விட்டதை எழுதுகிறேன்.

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறிய கூலிக் குடும்பம் அவருடையது. தினமும் பஸ்ஸில், கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி கடந்து எங்கள் தீவுக்கு வந்து, தரம் ஐந்துக்குக் கணிதம் படிப்பித்தார். திங்கட்கிழமை கரும்பலகையில் கடினமான கணக்கொன்றை எழுதுவார். வெள்ளிவரை அழிக்கமாட்டார். விடையும் சொல்லமாட்டார்.

ஒருமுறை, ஐந்து லீற்றர் கேனும் மூன்று லீற்றர் கேனும் மட்டும் வைத்து நான்கு லீற்றர் மண்ணெண்ணெய் அளக்கச் சொன்னார். ஜெனிற்றா என்ற மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை மூன்று நாள் தண்ணீர்க் குழாயடியில் ஊற்றி ஊற்றிப் பார்த்துவிட்டு அழுதது. தாய் வந்து சத்தம் போட்டார். விடை சொல்லத்தானே சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டார்.

“அவள் இன்னும் விடேல்லை அம்மா. நான் எப்பிடி விடுறது?” என்றார் ரீச்சர்.

நான்காம் நாள் ஜெனிற்றா அளந்து காட்டினாள். ரீச்சர் கைதட்டவில்லை. “வேற வழியும் இருக்கோ எண்டு பார் பிள்ளை” என்றார். அவள் உடனே கேனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். ஓடியதை, பக்கத்து வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்த நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க, கடந்தகால வினாத்தாள்களைச் செய்விக்காமல் பிள்ளைகளை அழவைக்கிறார் என்று முறையிட்டார்கள். “தோட்டத்தால வந்தவைக்கு எங்கட பிள்ளையளின்ர சோதினை விளங்குமோ?” என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அதிபர் நிலத்தைப் பார்த்தார். ஜெனிற்றாவைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ரீச்சரின் வகுப்பு எனக்குத்தான் வரப்போகிறது என்று அதிபர் முதல்நாளே சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ரீச்சரை நூலக அறையில் இருத்தினார்கள். நான் வினாத்தாள்களைச் செய்வித்தேன். சில மாதங்களில் பிள்ளைகள், கணக்கை வாசிக்கமுன்னரே பென்சிலை வைத்துவிட்டு, “சேர், விடையைச் சொல்லுங்கோ” என்றார்கள். ஜெனிற்றாவும் சொன்னாள்.

இப்போது பாடசாலை வாசலில் பதாகை கட்டியிருக்கிறோம். விடாமுயற்சியை ஊட்டிய ஆசிரியை என்று போட்டிருக்கிறோம். தோட்டத்தைப் பற்றிக் கேட்டவரும் வரிசையில் நின்று மலர் வைத்தார்.

போன தவணை, ஆசிரியர் அறையில் நானும் மல்லிகா ரீச்சரும் தனியே இருந்தபோது அவர் கேட்டார்: “சேர், அண்டைக்குக் கூட்டத்தில நீங்கள் ஏன் ஒண்டும் கதைக்கேல்லை?”

கோபமில்லாமல் கேட்டார். கேட்டுவிட்டு, பிள்ளைகளிடம் காத்திருப்பதுபோலவே காத்திருந்தார். நான் வரவுப் பதிவேட்டைப் புரட்டினேன். மணி அடித்தது. அவர் எழுந்து போனார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். விடை அப்போதே எனக்குத் தெரியும்.