எர்ணாவூரில் கிடைத்த இன்ஜின் சத்தம்

கார் பந்தய வீடியோ கேமுக்கு நிஜ இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்வது என் வேலை. இரண்டு முறை முயன்றும் லாரி இரைச்சல் கூடவே விழுந்துவிட்டது. இன்றும் கிடைக்காவிட்டால் வெளிநாட்டுச் சத்தத்தை வாங்கிக்கொள்வதாக ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

நான் பதிவு செய்யும் கார் ஷகிலாக்காவுடையது. வடசென்னை எர்ணாவூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். பழைய காரைத் தன் கையாலேயே பந்தய வண்டியாக மாற்றியவர்.

இன்றும் ஷெட் வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. நான் காரில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றப் போனேன்.

"இரு நைனா" என்று அக்கா நேராக முதல் லாரியிடம் போனார்.

"அண்ணே, ரெண்டு நிமிசம் இன்ஜின ஆஃப் பண்ணு. என் வண்டி சத்தம் கேம்ல வரப்போவுது."

"இன்னாக்கா சொல்ற! நம்ம ஏரியா வண்டியா?" என்ற டிரைவர் உடனே சாவியைத் திருப்பினார். அவர் கைகாட்டியதும் பின்னால் நின்ற ஏழு லாரிகளும் அடங்கின.

அக்கா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். ஹெட்போனில் அந்த ஒரு கர்ஜனை மட்டும்தான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

பதிவைக் கேட்ட மேலாளர், "எந்த நாட்டு வண்டி இது?" என்றார்.

"எர்ணாவூர் சார்."

கேமில் சேர்த்துவிட்டார்கள்!

இப்போது அந்த டிரைவர் தன் லாரியையும் கேம் பந்தயத்தில் விடச் சொல்கிறார். கன்டெய்னரோடு ரேஸ் ஓட்ட யாரெல்லாம் தயார்?