கடைசி எட்டுப் பக்கம்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம். நெஞ்சு வலி... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட். மடியில் ரெக்சின் பை. அதற்குள் பழைய துப்பறியும் நாவல்கள், எல்லாம் விற்பனைக்கு.

போன மாதம் பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டார். அட்டையில் பச்சை கார், சிவப்புப் புடவை, யாருடையதென்று தெரியாத ஒரு கை.

கீழே எழுதியிருந்தார்: "பழைய நாவல். அட்டை ஒரிஜினல். கடைசி எட்டுப் பக்கம் இல்லை. முடிவு நேரில் சொல்லப்படும்."

வாங்கப் போனேன். "இன்னா வாத்யாரே, எம்.ஏ. படிச்ச ஆளு. நீ இதெல்லாம் படிப்பியா?"

"முடிவு இல்லாத புக்கை யாருண்ணே வாங்குவா?"

"அதான் நான் கீறேன்ல. நீ படிச்சிக்கினே வா. அது நிக்கிற எடத்துலேர்ந்து நான் சொல்றேன்."

எனக்கு முன்பே அது பலரிடம் போய் வந்த பிரதி. படித்தவர்கள் அவரிடமே திருப்பித் தந்துவிட்டு வேறு எடுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் ஒருநாள் கேன்டீனில் சண்டை வந்தது.

அந்த நாவலில் கொன்றது டாக்டர் என்றான் ஃபர்னஸ் பாபு. டிரைவர் என்றாள் பேக்கிங் செல்வி. இருவருக்கும் முடிவு சொன்னவர் ஒரே ஆள்.

அண்ணன் சாம்பார் சாதத்திலிருந்து தலை நிமிரவில்லை. "பாபுவுக்கு நம்ம கம்பெனி டாக்டரு லீவு குடுக்கல. காண்டுல இருந்தான். அதான் டாக்டர மாட்டி வுட்டேன்."

"அப்ப எனக்குண்ணே?"

"நீ டெய்லி பஸ்ஸ வுட்டுட்டு டிரைவரத்தான திட்டிக்கினு கீற?"

செல்வி சிரித்துச் சிரித்துப் புரையேறி... பாபுதான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை நான் படித்து முடித்தேன். இன்ஸ்பெக்டர் ஒரு கைக்குட்டையை மேஜைமேல் வைக்கிறார். அதோடு பக்கம் நின்றுவிடுகிறது.

பஸ்ஸில் கேட்டேன். "யாருண்ணே?"

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். வேடிக்கை இல்லாத பார்வை.

"உனக்கு யோசிச்சிதான் சொல்லணும். திங்கக்கெழம வா."

சனி முழுக்க, ஞாயிறு அந்த போன் வரும்வரை அதே நினைப்பு. கொலைகாரன் யார் என்பதல்ல... எனக்கென்று அவர் யாரைத் தேர்ந்தெடுப்பார்?

இன்று காலை ஊத்துக்கோட்டை ரோட்டில் அவர் வீடு. ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். நாவல் என் பையில் இருந்தது. ஏன் எடுத்துப் போனேன், தெரியவில்லை.

பாபு அதைப் பார்த்துவிட்டான். மெதுவாகச் சொன்னான், "டாக்டர்தாண்டா."

"போடா... டிரைவரு." செல்வி அழுதுகொண்டே.

அண்ணன் மனைவி நிமிர்ந்தார். "கைக்குட்டைய மேஜை மேல வெக்கிற கதையா அது?"

"ஆமா அண்ணி."

"எனக்கும் சொன்னாரே..." புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தார். கையால் ஒருமுறை துடைத்தார். "அதுல யாரும் சாவலியேப்பா."



இன்று திங்கட்கிழமை, அண்ணே.

போய் வாருங்கள்.