மலை மேல் ஏரி இருக்கிறது

சென்னை அலுவலகத்தில் எங்கள் மதிய உணவு மேசைக்கு ஆறு பேர். என்னைத் தவிர ஐந்து பேரும் மலையேறிகள். மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு மலைக்குப் போய், மேலே இருக்கும் ஏரியைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை முழுக்க அந்த ஏரியைப் பற்றித்தான் பேச்சு. நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டியதும் நான்தான் முதல். அந்த மேசையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எனக்குச் சரிப்படவில்லை.

"எங்க ஊர் மலை மேலயும் ஏரி இருக்கு" என்றேன் ஒருநாள்.

பொய் இல்லை. கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைப் பக்கம் வந்தால் எங்கள் ஊர். ஊரைத் தாண்டிக் கரிசல் காடு, காட்டைத் தாண்டி மலை, மலை மேல் பாறைக்குழியில் ஒரு சுனை. அதை ஏரியாக்கியது மட்டும் நான்.

அந்தக் குழுவுக்குத் தலைவி மாதிரி ஒரு தோழி. எந்த மலைக்கு எந்த மாதம் போவது என்று முடிவு செய்வது அவள்தான். எந்த மலை நல்ல மலை என்பதையும் அவளே சொல்வாள். "ஏப்ரல்ல வரேன், முதல்ல நான் பாத்துட்டு வந்து மத்தவங்களுக்குச் சொல்றேன்" என்றாள். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் அந்த மேசையில் எங்கள் ஊர்.

முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று சித்திரை விடுமுறையில் நான் மட்டும் ஏறினேன். காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பு என் இடது செருப்பை வாங்கிக்கொண்டது. கையை விட்டுத் துழாவினேன். தோள்வரை போயும் செருப்பு அகப்படவில்லை. ஒற்றைச் செருப்போடு மேலே போய்ச் சேர்ந்தபோது சுனையில் ஈரமான சேறும் அதைச் சுற்றித் தேனீக்களும் இருந்தன. இறங்கி வந்து, "இப்ப சீசன் இல்ல" என்று தோழிக்குச் செய்தி அனுப்பினேன். மலையேறிகள் அந்தச் சொல்லை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகை பிறந்ததும் அப்பாவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

"எப்படிப்பா கெடக்கு?"

"கடலாக் கெடக்குட்டி."

எங்கள் ஊரில் ஆட்டுக்குக் கால் எட்டாத தண்ணீர் எல்லாம் கடல்தான். எனக்கு அது தெரியாததில்லை. ஆனாலும் சந்தோஷத்தில், "கடல் மாதிரி கிடக்காம்" என்று அப்படியே அனுப்பிவிட்டேன். தோழி நீச்சல் உடையோடு கோவில்பட்டி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள்.

காலையில் புறப்படும்போது அம்மா ஒரு பிளாஸ்டிக் குடத்தை நீட்டினாள்.

"எதுக்கும்மா?"

"தண்ணி பாக்கத்தான போறிய?"

"பாக்கத்தான் போறோம். எடுக்கப் போகல."

"சும்மா பாத்துட்டு வாரதுக்கா அவிய மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காவ? பிடிட்டி."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். உளுந்தங்காட்டு வரப்பில் ஏறியதும் கரிசல் வேலையைத் தொடங்கியது. பத்தடிக்கு ஒரு கிலோ ஒட்டும். நான் வெறுங்காலில் வந்திருந்தேன். தோழியின் மலையேறும் ஷூ எந்த மலையையும் தாங்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். மலைக்கு இன்னும் அரை மணி நேர நடை இருந்தது. அவள் கால்கள் யானைக்கால் ஆகிவிட்டன. ஓரிடத்தில் அவள் காலைத் தூக்கினாள், ஷூ வரவில்லை.

"இது என்ன மண்ணுப்பா?"

"நல்ல மண்ணு" என்றேன்.

இரண்டு ஷூவையும் பிடுங்கிக் குடத்துக்குள் போட்டேன். அம்மாவின் குடம் இதற்காவது ஆயிற்று.

மலையில் சரளைக்கல். அவள் வெறுங்காலோடு ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டு வந்தாள். பாதையில் தண்ணீர் எங்களுக்கு எதிராக இறங்கி வந்தது. பாசி பிடித்த பாறைகளில் இரண்டு பேரும் தவழ்ந்தோம். உச்சியில் சுனை நிறைந்து கிடந்தது. பக்கத்தில் ஆடு மேய்க்கும் அக்கா ஒருத்தி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

தோழி சுற்றிப் பார்த்தாள்.

"ஏரி எங்க?"

"இதுதான்."

இரண்டு மாட்டுவண்டி நிறுத்தலாம். நெருக்கி நிறுத்தினால் மூன்று. வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று யோசித்தேன். சமாளிக்க ஒன்றுமில்லை. எங்களிடம் இருக்கும் தண்ணீர் இவ்வளவுதான்.

"எங்க ஊர்ல இதுக்குக் கடல்னுதான் பேரு" என்றேன்.

அக்கா குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, ஊர்ப்பட்ட சேத்தையும் சுமந்துட்டா வந்திருக்க? தண்ணிக்குள்ள முக்கிராத. என் ஆடு குடிக்கணும்."

தோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஷூவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பாதையில் இறங்கும் தண்ணீரில் குடத்தை அலசி நிரப்பி வந்தேன். மேட்டில் உட்கார்ந்து கால் சேற்றைக் கல்லால் சுரண்டி, குடத்துத் தண்ணீரில் கழுவிவிட்டு, கொண்டுவந்த உடுப்பை வீணாக்காமல் மாற்றிக்கொண்டு இறங்கினாள். நின்றால் தொடைவரை வந்தது. பிறகு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஆடுகள் வரிசையாக நின்று அவளைப் பார்த்தன.

இறங்கும்போது அவள் கையில் ஷூ, என் இடுப்பில் நிறைகுடம். வீட்டில் அம்மா குடத்தை வாங்கி மோந்து பார்த்து, "நல்ல தண்ணிதான்" என்றாள்.

திங்கட்கிழமை மேசையில் நான் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருத்தி தோழியிடம் கேட்டாள்.

"ஏரி எப்படி? ஆழமா?"

தோழி என்னைப் பார்க்காமல் தயிர்சாதத்தைப் பிசைந்தாள்.

"கழுத்தளவு இருந்துச்சு" என்றாள்.

உட்கார்ந்திருந்ததை அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. தை மாதத்துக்குள் போனால்தான் தண்ணீர் இருக்கும் என்று நான் மற்ற நால்வருக்கும் சொன்னேன். குடம் ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னேன்.