போகும்போது முனகும், வரும்போது சிரிக்கும்

பால்வாடி டீச்சர் வேலை என்பது பாதி மூக்குத் துடைப்பது, மீதி கை தட்டுவது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் பாட்டு, விடுகதை, காகிதப் பொம்மை எல்லாம் சொல்லித் தர வேண்டும். இதே வேலையில் தொண்டை கட்டிப் போனவர்கள், உள்ளங்கை சிவந்தவர்கள், வீட்டுக்குப் போன பிறகும் புருஷனிடம் "கை கழுவியாச்சா?" என்று ராகம் போட்டுக் கேட்டு முறைப்பு வாங்கியவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் மலையிலும் தரையிலுமாக நான் வேலை பார்த்த காலத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது, ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. சிரிக்க வைக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறு பக்கம் போய்விட்டது.

மலையில் ரயில்

முதல் வேலை வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏறி இறங்கித்தான் போக வேண்டும். பயிற்சியில் எங்களுக்கு ஒரு விடுகதை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "காலில்லாமல் ஓடும், வாயில்லாமல் கூவும், வீட்டையே சுமந்து போகும். அது என்ன?" விடை ரயில். பயிற்சி நடந்த ஊரில் ரயில் ஓடியது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மலைப் பிள்ளைகளிடம் அதைப் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு ஒரு சின்னப் பெண், சாமை உமி தலையில் ஒட்டியிருக்க எழுந்து நின்று, "ஆறு" என்றாள். ஓடுவது சரி, கூவுவதும் சரி என்று ஒத்துக்கொண்டேன். வீட்டைச் சுமக்குமா என்று கேட்டு மடக்கிவிட்டதாக எனக்குள் ஒரு சந்தோஷம். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"போன மழையில எங்க வூட்டத் தூக்கினு போச்சே டீச்சர்."

மைதா பசை

அங்கிருந்து மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லுக்குப் போகிற ரோட்டோரத்தில் ஒரு ஊருக்கு மாற்றல் வந்தது. கரும்புக் காட்டு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் முக்கால்வாசிப் பேர். சமையலுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் அஞ்சலையம்மா என்று ஒருவர் இருந்தார். குரல் மட்டும் கொஞ்சம் கரடு, மனசு அப்படியில்லை.

கலர் காகிதத்தைக் கிழித்து ஒட்டிக் கிளி செய்வது அன்றைய பாடம். மைதா மாவைக் காய்ச்சி ஒரு கிண்ணம் பசை வைத்திருந்தேன். பச்சைக் காகிதம் இல்லாததால் கிளி நீலமாக இருக்கும் என்று பிள்ளைகளிடம் பேசி முடிவாகியிருந்தது. மூக்கு ஒழுகுகிற ஒருவனைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். நீலக் காகிதம் அப்படியே கிடந்தது, கிண்ணம் வழித்து நக்கிச் சுத்தமாக இருந்தது. விரலையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. காலையில் அம்மாக்கள் கரும்பு வெட்டுக்குப் போகிற அவசரத்தில் யார் வீட்டிலும் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அஞ்சலையம்மா கிண்ணத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மொதல்ல சோத்தப் போட்டுட்டு அப்பறம் ஒட்டச் சொல்லுங்க டீச்சர்."

கை தட்டலும் படிப்பும்

பாட்டும் கை தட்டலும் படிப்பில் சேர்த்தியா என்று ஊரில் எல்லாருக்கும் சந்தேகம். நிலபுலன் உள்ள ஒருவர் தன் பேரனை எங்களிடம் விட்டிருந்தார். ஒருநாள் வாசலில் செருப்போடு நின்றுகொண்டு, உள்ளே வராமலே விசாரித்தார்.

"வூட்டுக்கு வந்தும் கையத் தட்டிக்கினே இருக்குது. எழுத்து எப்ப வரும், இல்ல இப்படியேதானா?"

வண்டிக்காரர்

எங்கள் பால்வாடிக்கு வந்த பூங்காவனம் என்கிற சின்னப் பெண்ணின் அப்பா ஏழுமலை. பிறத்தியார் கரும்பை வாடகைக்கு ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் மில்லுக்குப் போவார். எங்கள் பால்வாடி ரோட்டைப் பார்த்து இருந்ததால், போகிற வழியில் மாடுகளைக் கொஞ்சம் நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒரு விடுகதை போட்டுவிட்டுப் போவார். எல்லாம் அவரே கட்டியவை. விடையை யாரிடமும் சொல்லி அனுப்ப மாட்டார். திரும்பி வரும்போது அதே ஜன்னலில் வந்து அவரே சொல்வார். பிள்ளைகள் பால்வாடி முடிந்த பிறகும் வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்து நிற்பார்கள். பூங்காவனத்துக்குத் தனிப் பெருமை. அப்பாவின் விடுகதை ஓடுகிற நாளில் அவள்தான் நடுவர், அவள் "அது இல்ல" என்றால் இல்லைதான்.

பயிற்சியில் கற்ற விடுகதைகளை நான் கொஞ்சம் கொஞ்சமாக மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அவருடையவற்றுக்கு முன்னால் அவை நிற்கவில்லை. இவ்வளவையும் எங்கே பிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். மில் வாசலில் வண்டிகள் நிற்கும் வரிசையை நீங்கள் பார்த்திருந்தால் அவர் பதில் உங்களுக்குப் புரியும்.

"வரிச நகர்ற வரைக்கும் மாட்டப் பாத்துக்கினு வேற இன்னா பண்றது டீச்சர்?"

மறியல் விளையாட்டு

பிறகு அந்த வாரம் வந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, அரிசி மூட்டையும் வரவில்லை. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் போக வேறு இடமில்லை, வந்துவிட்டார்கள். ஆமணக்குச் செடிகளைப் பிடுங்கி வாசலில் குறுக்கே போட்டு மறியல் செய்தார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று சட்டம். அவசரத்துக்கு ஒன்று கட்டினேன்.

மரமே மரமே தள்ளிப் படு,
மாட்டு வண்டி போக விடு,
அரிசி மூட்ட வருதாம் பார்,
அடுப்பு மூட்ட வழிய விடு.

மேற்பார்வை அம்மா கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் யாரோ ஒருவர் சைக்கிளிலும் வந்து சேர்ந்தார். முகம் வெயிலில் கறுத்துப் போயிருந்தது. அவரையும் பிள்ளைகள் விடவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் கட்டிய நாலு வரியையும் எனக்குப் பின்னாலேயே பாடினார். ஆமணக்கைத் தாண்டி உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ரோட்டுல நிக்கிறவங்களும் பாட்டுதான் கேட்டிருந்தாங்கன்னா நான் காலையிலயே வந்திருப்பேன்."

ஜன்னலில்

அதற்கு மறுநாள் ஏழுமலை வண்டியில்லாமல் வந்தார். ஊர் ஆட்கள் கூட்டமாகப் பெரிய ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் விலகி ஜன்னலுக்கு வந்தார். "போறப்ப முனகும், வர்றப்ப சிரிக்கும். அது இன்னா?" என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, பூங்காவனத்தின் தலையைக் கம்பி வழியாகத் தொட்டார். "வந்து சொல்றேன்" என்றார்.

வண்டிக்காரருக்கு எதற்கு இந்த மறியல் என்று நான் கேட்டேன். பயத்தில்தான் கேட்டேன். அவர் பேனா பிடிக்காதவர், வேலைக்கு மனுப் போடப் போகிறவரும் இல்லை. மற்ற ஆட்கள் கூப்பிட்டார்கள். அவர் நடந்துகொண்டே திரும்பி, ஜன்னலில் நின்ற பூங்காவனத்தைக் காட்டிச் சொன்னார்.

"எனக்கின்னா டீச்சர், இது படிச்சி முடிச்சி நிக்கிறப்ப உக்கார எடம் வேணுமில்ல?"

அலமேலு வந்தது

ஏழுமலை திரும்பி வரவில்லை. கூட்டம் கலைந்து ஓடியபோது போலீஸ் குண்டு பட்டது என்றார்கள் சிலர், லாரி அடித்தது என்றார்கள் சிலர். நான் பார்க்கவில்லை, அதனால் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். உடலை ஊருக்குக் கொண்டுவரவில்லை. அவர் மச்சான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். இப்படிச் சாவு நடந்த வீட்டில் பெரியவர்களுக்கே நம்பிக்கை வராது. பூங்காவனத்துக்கு எப்படி வரும்?

மரங்களை அப்புறப்படுத்திய பிறகு அவளைப் பால்வாடிக்கு அனுப்பினார்கள். பாடினாள், கை தட்டினாள், ஓலையில் காத்தாடி செய்தாள். சாயந்திரமானால் ரோட்டில் போய் நின்றாள். இருட்டின பிறகும் நின்றாள். கூப்பிட்டால் வருவதில்லை, தூக்கிக்கொண்டு போனால் சாப்பிடுவதில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஒருநாள் அவள் அம்மா அலமேலு, பொட்டில்லாத நெற்றியோடு, எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள். கரும்பு வெட்டின கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பா செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன் டீச்சர். வந்து விடை சொல்றேன்னு சொல்லிச்சேன்னு நிக்கிது. அது கரும்பு வண்டிதான், பாரத்தோட போறப்ப முனகும், காலியா வர்றப்ப கலகலன்னு வரும்னு நானே சொல்லிட்டேன், ஏத்துக்க மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த, அதான் விடைன்னு சொல்லிடுங்க. உங்க வாயால சொன்னா நம்பும், ரோட்டுல நிக்கிறத விட்டுடும்."

காலி வண்டி

சொல்கிறேன் என்று அவளிடம் ஒத்துக்கொண்டேன். சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் காலையில் போவேன். பூங்காவனம் என்னை நிமிர்ந்து பார்ப்பாள், நான் மூக்குத் துடைக்கப் போய்விடுவேன். பிள்ளைகளோ அந்த விடுகதையை விடவில்லை. பால்வாடிக்கு வருகிற பிள்ளை என்றான் ஒருவன், வரும்போது அழுகிறோம் போகும்போது சிரிக்கிறோம் என்று. அது தலைகீழ் என்று மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள். வெள்ளிமலை பஸ், மேட்டில் ஏறும்போது முனகும் என்றான் இன்னொருவன். இறங்கும்போது அது சிரிக்காது, கிரீச்சிடும் என்று அதுவும் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் பூங்காவனம் நிதானமாக "அது இல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போது மட்டும்தான் அவள் முகத்தில் பழைய களை வரும்.

மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. காலையில் வண்டிகள் கரும்புப் பாரத்தோடு அச்சு முனக எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போயின. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வண்டி காலியாகத் திரும்பியது. மாடுகள் ஓட்டமும் நடையுமாக வர, பலகையும் சங்கிலியும் கலகலவென்று குலுங்கின. தட்டில் கையை வைத்தபடி எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலைப் பார்த்தார்கள். முருகன் என்கிற பையன் எழுந்து நின்று, "கரும்பு வண்டி" என்றான். ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. "அதான், அதான்" என்று எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

பூங்காவனம் "அது இல்ல" என்றாள். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. "டீச்சர், அதானே? நீங்க சொல்லுங்க டீச்சர்" என்று முருகன் என்னைப் பிடித்துக்கொண்டான். அஞ்சலையம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். அலமேலு கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அதற்குள் பூங்காவனம் தட்டை விட்டு எழுந்து வந்து, சோற்றுக் கையோடு என் புடவையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். மற்றவர்களுக்குக் கேட்காமல் காதில் சொன்னாள்.

"விடை தெரிஞ்சிடுச்சின்னா எங்கப்பா இன்னாத்துக்கு டீச்சர் வரும்?"

பிள்ளைகளுக்கு விடை சொல்லத்தான் எனக்குச் சம்பளம், ஆனால் அன்றைக்கு அத்தனை பிள்ளைகள் முன்னால் நான் "தெரியலையே, நாளைக்கு யோசிக்கலாம்" என்று சொன்னேன், அலமேலுவுக்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டே எல்லாருக்கும் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.