ஸேஃப்லி செத்துப்போன செங்கோடன்

முழங்கால் வலிக்காக ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், “எலும்புக்கு ஒண்ணுமில்லைன்னு ஸேஃப்லி அஸ்யூம் பண்ணிக்கலாம்” என்றார். அவருடைய மேசை புதுத் தேக்கு, வாசனை இன்னும் போகவில்லை. தேக்கு வாசனையும் அந்த வார்த்தையும் சேர்ந்து வந்தால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? வலியை மறந்து, மனசால் பழைய சூரமங்கலத்துக்குப் போய்விட்டேன்.

யுத்த காலம். அங்கே ரங்கூன் தேக்கு விற்கும் மரக் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்ட். என் ஆங்கிலம் விரல் நுனியோடு சரி. அர்த்தமெல்லாம் ஹெட்கிளார்க் வரதராஜனின் பொறுப்பு. அனுமானிப்பதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது.

“அஸ்யூம்னு மொட்டையா எழுதாதே. முன்னால ஒரு வினையடை வேணும். ‘நேச்சுரலி’ன்னா, எவனா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பான். ‘ரீசனபிளி’ன்னா, நாளைக்குத் தப்பாப் போனாலும் நம்ம பக்கம் நியாயம் இருந்துது. ‘ஸேஃப்லி’ன்னா, இனிமே யாரும் வந்து கேக்கப்போறதில்லே.”

திருச்செங்கோட்டுக்காரன் செங்கோடன் கம்பெனியின் ரங்கூன் கிடங்குக்குக் காவலாளாகப் போயிருந்தான். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அங்கிருந்தவர்கள் திசைக்கொருவராக ஓடினார்கள். செங்கோடனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மெட்ராஸ் தலைமை அலுவலகம் விசாரித்தபோது, அவன் இறந்துவிட்டதாக ‘ஸேஃப்லி’ அனுமானிக்கலாம் என்று வரதராஜன் எழுதிவிட்டு டிபன் சாப்பிடப் போனார்.

செத்தவனுக்கு எதற்குக் கம்பெனி வீடு? அவன் மனைவி பாவாயியைக் காலி செய்யச் சொன்னார்கள். கொழுந்தன் தாலியைக் கழற்றச் சொன்னான். அவள் நேரே ஆபீசுக்கு வந்தாள்.

“பொணத்த ஆராச்சும் பாத்தாங்களா சாமி?”

“பார்க்கலேம்மா. அனுமானம்தான். ஆனா, ஸேஃப்லின்னு போட்டிருக்கு” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதுங்க. பாத்தவங்க வந்து சொல்லட்டும், கழட்டறேன். அதுவரைக்கும் ஊட்ட உட்டு நகரமாட்டேனுங்க.”

நகரவில்லை. அவளை வெளியேற்றும் வேலையை ஒருவர் தலையில் ஒருவர் கட்டினார்கள். அந்தச் சோம்பலை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்த ஒரு மத்தியானம், தாடியும் வீங்கிய காலுமாக ஓர் ஆள் வாசலில் நின்றான்.

“செங்கோடனுங்க. ரங்கூன் கிடங்கு.”

என் விரல்கள் நின்றுவிட்டன. வரதராஜன் அவனை உட்காரச் சொல்லவில்லை. என் பக்கம் குனிந்து, “ரீசனபிளின்னு போட்டிருக்கணும்டா” என்றார்.

யாரோ சொல்லிப் பாவாயி ஓடி வந்தாள். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“செருப்பெங்கீங்க?”

“நடந்து வந்ததுல அஸ்ஸாம் மலையிலயே பிஞ்சு போச்சு, பாவாயி.”

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நானும் டைப்ரைட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வரதராஜன் மெட்ராஸுக்குப் புதுக் கடிதம் ஒன்றைச் சொல்லி என்னைத் தட்டச் சொன்னார்: செங்கோடன் ‘அப்பேரன்ட்லி’ உயிரோடிருக்கிறான், அதாவது, பார்த்தால் அப்படித் தெரிகிறது.

“எதிர்லயே நிக்கறானே சார்!”

“நின்னா? மெட்ராஸ் ஒப்புக்க வேண்டாமா?”

உத்தரவு வரும்வரை அவனைத் தற்காலிகக் கூலியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

கம்பெனி போய்விட்டது. கம்பெனி வீடுகளை இடித்து லாரி ஷெட் போட்டிருக்கிறார்கள். வரதராஜனும் இல்லை, அவரைப்போல நாலு வினையடைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உத்தியோகம் பார்க்கிறவர்களும் இல்லை. செங்கோடனும் பாவாயியும் அந்த வீட்டிலேயே இரண்டு பெண்களைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தார்கள். அவன் உயிரோடிருப்பதாக மெட்ராஸிலிருந்து உத்தரவு மட்டும் கம்பெனியை மூடும்வரை வரவேயில்லை.